பழைய போக்ஸ் கம்பியும் புதிய ரிம்மும்

(கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களிலிருந்து சைக்கிள் பழுதுபார்க்கும் தொழில் பழக வந்த இளைஞர்களிடையே நிகழ்த்திய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் மிகச் சிறியது. ஓரடி நீளமும், ஈர்க்கினும் சற்றே கூடிய பருமனும் உள்ள ஒரு கம்பி. நூல்களில் இதனை ஆரக்கம்பி என்று எழுதுவர். கடைகளில் போக்ஸ் கம்பி என்று சொன்னால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். நாமும் அவ்வாறே சொல்வோம்.

ஒரு சக்கரத்தின் ரிம் நெளிந்துவிட்டது. அல்லது துருவேறி ஓட்டை விழுந்துவிட்டது. புதிய ரிம் வாங்கியாயிற்று. பழைய சக்கரத்தில் இருக்கும் கம்பிகளை அப்படியே புதிய ரிம்மில் பூட்டலாமா, அல்லது எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் புதிய கம்பிகளே போடவேண்டுமா? இதுதான் கேள்வி. தேனியிலுள்ள ஒரு கடைக்காரரைக் கேட்டால், "எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள்" என்பார். மலையடிவாரத்து ஊர் ஒன்றில் வேப்பமரத்தடியில் கடை போட்டிருக்கும் முதியவரைக் கேட்டால், "நல்ல கம்பியை ஏன் தூர எறிய வேண்டும்?" என்பார். இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. எந்தச் சந்தர்ப்பத்தில் யார் சொல்வது சரி என்று தெரிந்துகொள்வதற்கே இங்கே கூடியிருக்கிறோம்.

முதலில் சக்கரத்தின் தன்மையைப் பார்ப்போம். நம் மாட்டுவண்டிச் சக்கரத்தை எல்லாரும் அறிவீர்கள். நடுவே குடம், அதிலிருந்து ஆரக்கால்கள், அவற்றைச் சுற்றி வட்டை, அதன்மேல் இரும்புப் பட்டா. வண்டியின் பாரம் முழுவதும் குடத்திலிருந்து கீழ்நோக்கி நிற்கும் ஆரக்காலின்மேல் ஊன்றி நிற்கிறது. தூண் வீட்டைத் தாங்குவதுபோல் அது தாங்குகிறது. வட்டை தேய்ந்தால் தச்சர் வட்டையை மட்டும் மாற்றுவார். குடமும் உறுதியான ஆரக்கால்களும் மறுபடியும் ஏறும். எனவே பழையதைத் திரும்பப் பயன்படுத்தும் வழக்கம் நமக்குப் புதிதன்று.

ஆனால் சைக்கிள் சக்கரம் வேறு வகை. போக்ஸ் கம்பியை நிறுத்தி வைத்து உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள், உடனே வளைந்துவிடும். அது தூணாக நிற்க வல்லதன்று. ஆயினும் அதே கம்பியை இரு முனையிலும் பிடித்து இழுத்தால் ஓர் ஆளின் எடையையும் தாங்கும். இழுத்துக் கட்டிய கம்பிகளால் சக்கரம் செய்யலாம் என்ற யோசனையை இங்கிலாந்தில் ஜார்ஜ் கெய்லி என்பவர் 1808-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்தார். அவர் எண்ணியது பறக்கும் இயந்திரத்துக்கு இலேசான சக்கரம். பாரிசில் இருந்த யூஜின் மேயர் 1869-இல் கம்பிச் சக்கரத்துக்கு உரிமம் பெற்றார். கம்பிகளைக் குடத்திலிருந்து நேராக விடாமல் சாய்த்துக் குறுக்கே பின்னும் முறை 1874-இல் ஜேம்ஸ் ஸ்டார்லி என்பவரால் வந்தது. இன்று நீங்கள் பின்னும் சக்கரம் அதுவே.

கம்பம், ஓடைப்பட்டி, சுருளிப்பட்டிப் பக்கங்களில் இருந்து வந்தவர்களுக்கு இதனை இன்னும் எளிதாகச் சொல்லலாம். திராட்சைப் பந்தலை எண்ணிப் பாருங்கள். ஓரத்துக் கல்தூண்கள் கம்பியை இழுத்துப் பிடிக்கின்றன. கம்பி முறுக்கேறி நிற்கும் வரையில் கொடியும் குலையும் எவ்வளவு கனத்தாலும் பந்தல் தொய்வதில்லை. எங்கேனும் ஒரு கம்பி தளர்ந்தால் அந்த இடம் காற்றில் ஆடத் தொடங்கும். ஆனி, ஆடி மாதங்களில் மேற்கு மலைக் கணவாய் வழியே இறங்கும் காற்றைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அக்காற்றை நம்பித்தான் ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன. அந்தக் காற்றில் பந்தல் கம்பி அறுந்தால் எங்கே அறுகிறது? நடுவிலா? இல்லை. தூணைச் சுற்றி வளைத்து முறுக்கிய இடத்தில் அறுகிறது. போக்ஸ் கம்பியும் அவ்வாறே. நட்ட நடுவில் அது அறுவது அபூர்வம். ஒன்று ஹப்பின் துளையில் மாட்டும் வளைந்த கழுத்தில் அறும். அல்லது நிப்பிள் ஏறும் மரையில் அறும்.

ஏன் அறுகிறது என்பதில் ஒரு தவறான எண்ணம் எங்கும் பரவியிருக்கிறது. அதிகப் பாரம் ஏற்றியதால் அறுந்தது என்பார்கள். பாரம் மட்டும் காரணமானால் ஏற்றிய அன்றே அறவேண்டும். உண்மை வேறு. சக்கரம் உருளும்பொழுது தரையை நோக்கி வரும் கம்பிகளில் இழுப்புக் குறைகிறது; தரையைக் கடந்ததும் முன்போல் ஏறுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஒவ்வொரு கம்பியும் இவ்வாறு தளர்ந்து இறுகுகிறது. 28 அங்குலச் சக்கரம் ஒரு முறை உருண்டால் ஏறத்தாழ 2 மீட்டர் 23 சென்டிமீட்டர் போகும். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 450 சுற்று. நாள்தோறும் 20 கிலோமீட்டர் ஓடும் பால்காரர் ஒருவரின் சக்கரம் நாளொன்றுக்கு 9,000 சுற்று சுற்றுகிறது. ஆண்டில் 300 நாள் என்று வைத்தாலும் 27 லட்சம் தடவை அந்தக் கழுத்து தளர்ந்து இறுகியிருக்கும். ஒரு தகரத் துண்டை இப்படியும் அப்படியும் மடக்கிக்கொண்டேயிருந்தால் இறுதியில் ஒடிகிறதல்லவா? அதுபோன்ற களைப்பே இதுவும். உலோகத்தின் களைப்பு கண்ணுக்குத் தெரியாது. கம்பி பளபளவென்று இருக்கும். உள்ளே மயிரிழை போன்ற பிளவு வளர்ந்துகொண்டிருக்கும்.

களைப்பு எல்லாக் கம்பிக்கும் ஒரே வேகத்தில் வருவதில்லை. நன்றாக இறுக்கிச் சமன் செய்த சக்கரத்தில் கம்பி தன் இடத்தில் அசையாமல் அமர்ந்திருக்கும். பல ஆண்டு உழைக்கும். தளர்வாகக் கட்டிய சக்கரத்திலோ, ஒவ்வொரு சுற்றிலும் கம்பி முழுதும் தொய்ந்து, கழுத்து துளைக்குள் ஆடி, மறுபடி இழுபடும். அதன் ஆயுள் சொற்பம். ஜாப்ஸ்ட் பிராண்ட் என்னும் பொறியாளர் 1981-இல் சைக்கிள் சக்கரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். கம்பியின் கழுத்தில் வளைக்கும்பொழுதே தங்கிவிடும் உள் அழுத்தத்தை நீக்கிவிட்டால் கம்பி நெடுநாள் உழைக்கும் என்பது அவர் வற்புறுத்திய கருத்து. அதற்கு வழி மிக எளிது. சக்கரத்தை இறுக்கி முடித்தபின், ஏறக்குறைய இணையாக ஓடும் இரண்டிரண்டு கம்பிகளைக் கையில் சேர்த்துப் பிடித்துப் பலமாக ஒரு முறை நெரிக்க வேண்டும். சக்கரம் முழுதும் இவ்வாறு செய்ய இரண்டு நிமிடம் ஆகாது. கையில் துணி சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் உள்ளங்கை கன்றிப்போகும்.

இதிலிருந்தே நம் கேள்விக்குப் பாதி விடை கிடைக்கிறது. நல்ல முறையில் கட்டப்பட்டு, ஒரு கம்பியும் அறாமல் ஓடி, ரிம் மட்டும் கெட்டுப்போன சக்கரத்தின் கம்பிகள் சோதனையில் தேறியவை. அவற்றை எறிவது வீண். அதற்கு மாறாக, அடிக்கடி கம்பி அறுந்துகொண்டிருந்த சக்கரத்தில் மீதமுள்ள கம்பிகளும் அதே வழியில்தான் போய்க்கொண்டிருக்கின்றன. ஒன்று அறுந்தால் ஒன்றை மாற்றலாம். சில வாரங்களுக்குள் இரண்டாவது, மூன்றாவது அறுந்தால் முழுவதையும் மாற்றவேண்டும்; அங்கே சிக்கனம் பார்க்கக் கூடாது.

இதனை நாங்கள் ஒரு பிழை செய்தே கற்றுக்கொண்டோம். சின்னமனூர்ச் சாலையில் தினமும் பால் கொண்டுபோகும் ஒருவர் பின்சக்கரத்தைக் கொண்டுவந்தார். ரிம் பிளந்திருந்தது. கம்பிகள் கண்ணுக்கு நன்றாகவே இருந்தன. துடைத்து, எண்ணெயிட்டு, அதே கம்பிகளைப் புதிய ரிம்மில் பூட்டிக் கொடுத்தோம். மூன்று வாரத்தில், எதிர்க்காற்றில் எழுந்து நின்று மிதித்துக்கொண்டு போகையில், அடுத்தடுத்து நான்கு கம்பிகள் விட்டுப்போய், சக்கரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சங்கிலிப் பக்கத் தண்டில் சிக்கிக்கொண்டது. மனிதர் விழுந்தார். இரண்டு கேன் பாலும் சாலையில் ஓடியது. மணிக்கட்டுச் சுளுக்கோடு தப்பினார் என்பது நமது நல்லகாலம். பின்னால் ஒரு லாரி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணவும் கூசுகிறது. அவரிடம் பிறகு விசாரித்தோம். முந்திய ஆறு மாதத்தில் அந்தச் சக்கரத்தில் ஐந்து கம்பிகள் மாற்றியதாகச் சொன்னார். "இதை முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா, ஐயா?" என்றோம். "நீங்கள் கேட்கவில்லையே, தம்பி" என்றார். அவர் சொன்னதற்கு நம்மிடம் பதில் இல்லை. அன்று முதல் சக்கரத்தைக் கையில் வாங்குமுன் மூன்று கேள்விகள் கேட்கிறோம்: எவ்வளவு காலம் ஓடியது, என்ன சுமந்தது, எத்தனை கம்பி அறுந்தது.

என்ன சுமந்தது என்று கேட்பதற்குக் காரணம் எடை மட்டும் அன்று. உர மூட்டை கட்டிய கேரியரிலிருந்து உதிரும் தூள் பின்சக்கரத்தில் விழுந்து, ஈரம் பட்டதும் கம்பியை அரிக்கும். பொட்டாஷ் உரம் உப்பு வகையைச் சேர்ந்தது, இரும்புக்குப் பகை. மீன் கூடையிலிருந்து சொட்டும் நீரும் அத்தகையதே. 1895-இல் பெரியாற்று நீர் மலையைக் குடைந்த வழியே இறங்கியதிலிருந்து நம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளைகிறது. வாய்க்கால் கரையே பலருக்கு ரஸ்தா. சேறும் ஈரமும் படாத சக்கரம் இங்கே இல்லை. ஆகவே கம்பியைப் பார்க்கும்பொழுது துருவின் வகையைப் பிரித்தறிய வேண்டும். மேற்பூச்சு மங்கி வெளுத்திருப்பது குற்றமன்று. தூசிபோன்ற இலேசான துருவை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் தேய்த்தால் போய்விடும். தேய்த்தபின் நகத்தால் வருடிப் பாருங்கள். அம்மைத் தழும்புபோல் குழி தட்டினால் அந்தக் கம்பி ஆகாது. ஒவ்வொரு குழியும் பிளவு தொடங்கும் வாசல்.

இங்கே இன்னொரு வகைச் சக்கரத்தையும் குறிப்பிட வேண்டும். தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டு முதற்கொண்டு பதினோராம் வகுப்பு மாணவிகளுக்கு அரசு விலையில்லாச் சைக்கிள் வழங்கத் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு என்றிருந்த திட்டம் பின்னர் மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பள்ளிப் படிப்பு முடிந்ததும் அந்த வண்டிகளில் பல, மாட்டுத் தொழுவத்திலும் வீட்டின் புறக்கடையிலும் சாய்ந்து கிடப்பதை ஊர்தோறும் பார்க்கலாம். வீட்டில் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது, யாரும் தொடுவதில்லை. ஒரே ஆண்டில் ஒரே பள்ளியில் வாங்கியவை பெரும்பாலும் ஒரே அளவாக இருப்பதால், இரண்டு வண்டிகளைப் பிரித்து ஒன்றைத் தேற்றுவது சாத்தியம். இவற்றின் கம்பிகள் பால்காரரின் கம்பிக்கு நேர்மாறு. களைப்பு சொற்பம், துரு அதிகம். எனவே இவற்றில் குழியையும் மரையையும் பாருங்கள். பால்காரரின் சக்கரத்திலோ பளபளப்பை நம்பாமல் வரலாற்றைக் கேளுங்கள். சோதிக்கும் முறை ஒன்றேயானாலும் சந்தேகம் வேறு வேறு.

இனிச் செய்முறைக்கு வருவோம். பழைய ஆங்கிலேயர் முறைப்படி அமைந்த பெரிய சைக்கிளில் முன்சக்கரத்துக்கு 32, பின்சக்கரத்துக்கு 40 கம்பிகள். வேறு வண்டிகள் பலவற்றில் இரண்டுக்கும் 36. துளை எண்ணிக்கை பழைய ரிம்முக்கும் புதியதற்கும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் ரிம்மின் ஆழமும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். டயர் பொருந்தினால் போதும் என்று வேறு வடிவ ரிம்மை வாங்கிவந்தால், கம்பி நீண்டுவிடும் அல்லது குட்டையாகிவிடும். நீண்டால் நிப்பிளுக்கு மேல் முளைத்து டியூபைக் குத்தும். அதை அரம் கொண்டு தேய்த்துவிடலாம். குட்டையானால் ஆபத்து. நிப்பிளுக்குள் போதிய மரை ஏறாமல், நிப்பிளின் தலை தனியே துண்டித்துப்போகும். கம்பியின் முனை நிப்பிளின் திருப்புளி வெட்டு வரையில் வந்து நிற்பதே சரியான அளவு. நீண்ட கம்பியை வெட்டி, டை கொண்டு புதிதாக மரை போடும் பழக்கம் சில இடங்களில் உண்டு. தொழிற்சாலையில் மரையை வெட்டுவதில்லை. உருளைகளுக்கிடையே உருட்டி அழுத்தி உண்டாக்குகிறார்கள். வெட்டிய மரை அதற்கு ஈடாகாது. அவசரத்துக்கு ஓரிரண்டு என்றால் பொறுக்கலாம். சக்கரம் முழுதும் அவ்வாறு கட்டலாகாது.

ஹப் அதேதான், ரிம் மட்டும் மாறுகிறது என்றால் கம்பிகளை ஹப்பிலிருந்து கழற்றவே வேண்டாம். முதலில் எல்லா நிப்பிளையும் அரைச் சுற்று அரைச் சுற்றாகச் சுற்றி வந்து தளர்த்துங்கள். ஒரே இடத்தில் நாலைந்தை முழுதும் கழற்றினால் மற்றவற்றின்மேல் இழுப்பு ஏறி அவை கெடும். பிறகு புதிய ரிம்மைப் பழையதன் பக்கத்தில் ஒட்டிவைத்து, வால்வுத் துளைக்கு நேர் வால்வுத் துளை வருமாறு மூன்று நான்கு இடங்களில் கயிற்றால் கட்டுங்கள். துளைகள் இடமும் வலமும் மாறிமாறி அமைந்திருக்கும். அந்த ஒழுங்கும் இரண்டிலும் ஒத்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் ஒவ்வொரு கம்பியாகப் பழைய துளையிலிருந்து எடுத்து அடுத்திருக்கும் புதிய துளையில் மாட்டிக்கொண்டே போகவேண்டியதுதான். பின்னல் மாறாது, கழுத்து தன் பழைய பள்ளத்திலேயே அமர்ந்திருக்கும். இதனைவிடச் சிறந்த முறை இல்லை. பின்னலைக் கண்டு அஞ்சும் புதியவர்களுக்கும் இது நல்ல முதற்பாடம்.

நிப்பிள்களை மட்டும் புதிதாகப் போடுங்கள். அவை பித்தளையால் ஆனவை, மலிவானவை. முனை மழுங்கிய பழைய நிப்பிளில் சாவி வழுக்கினால் இறுக்கவும் முடியாது, தளர்த்தவும் முடியாது. மரையில் ஒரு சொட்டு எண்ணெய் இடுங்கள். எண்ணெயின்றி முறுக்கினால் நிப்பிளோடு கம்பியும் சேர்ந்து திருகிக்கொள்ளும். வண்டி ஓடியதும் அந்தத் திருகல் அவிழ்ந்து, எடுத்த கோட்டம் மறுபடி வந்துவிடும். (பழைய நிப்பிளில் தீக்குச்சி மருந்தைத் திணித்து வெடிக்கும் விளையாட்டை இங்கே சிலர் சிறுவயதில் ஆடியிருப்பீர்கள். கடைவாசலில் நிப்பிள் கேட்டு நிற்கும் சிறுவர்களுக்குக் கொடுக்காதீர்கள்.)

ஹப்பும் மாறுகிறதென்றால் வேலை கூடும். கம்பியின் தலை ஹப்பின் வெளிப்புறம் இருப்பவை ஒரு வகை, உட்புறம் இருப்பவை மற்றொரு வகை. இரண்டின் கழுத்தும் உழைப்பினால் வெவ்வேறு கோணத்துக்கு வந்திருக்கும். எனவே இடப்பக்கம், வலப்பக்கம், தலை வெளியே, தலை உள்ளே என்று நான்கு கட்டாகக் கட்டி வைத்துக்கொள்ளுங்கள். 40 கம்பிச் சக்கரமானால் கட்டுக்குப் பத்து. அந்தந்தக் கட்டு அந்தந்த இடத்துக்கே திரும்பவேண்டும். கலந்துவிட்டால் விரிந்த கழுத்தை மறுபடி மடக்க நேரும். மடக்குவதே களைப்பைக் கூட்டுவது. கலந்துபோன பழைய கம்பிகளை நாங்கள் பயன்படுத்துவதில்லை.

கட்டுவதற்கு முன் ஒவ்வொன்றையும் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் உருட்டிப் பாருங்கள். துள்ளினால் கோணல். நீண்ட இலேசான வளைவை விரலால் நிமிர்த்தலாம். ஒரே இடத்தில் ஒடித்தாற்போன்ற மடிப்பு இருந்தால் கழித்துவிடுங்கள். பள்ளத்தில் விழுந்து ரிம் நெளிந்த சக்கரத்தில், அடிபட்ட இடத்தை ஒட்டிய ஐந்தாறு கம்பிகளை எண்ணம் பார்க்காமல் மாற்றுவது நலம். பிரீவீல் பக்கத்துக் கம்பிகள் பொதுவாக அதிக இழுப்பில் நிற்பவை. அறுவதும் பெரும்பாலும் அங்கேதான்; அவற்றை இரட்டிப்புக் கவனத்தோடு பாருங்கள். பிரீவீலைக் கழற்றச் சோம்பி, கம்பியின் தலையை வெட்டிக் கொக்கிபோல் வளைத்து மாட்டும் வித்தை வழியில் நின்ற பிரயாணிக்கு வீடு சேர உதவும். கடையில் உட்கார்ந்து செய்யத்தக்கதன்று.

எல்லாம் பூட்டியபின் வால்வுத் துளையிலிருந்து தொடங்கி அரைச் சுற்றாக இறுக்கி வாருங்கள். பக்கக் கோட்டம், மேடு பள்ளம், நடுமட்டம் மூன்றையும் மாறிமாறிப் பாருங்கள். ஒன்றையே முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனால் முந்தியது கெடும். இழுப்பு சமமாக இருக்கிறதா என்பதற்குக் காதே கருவி. தம்புராவின் தந்தியை மீட்டுவதுபோல் ஒரு பக்கத்துக் கம்பிகளை நகத்தால் தட்டிக்கொண்டே போங்கள். ஒரே சுருதி வரவேண்டும். நடுவில் ஒன்று மந்தமாக ஒலித்தால் அதுவே நாளைக்கு அறப்போவது. பிறகு முன்சொன்னவாறு இரண்டிரண்டாக நெரித்து, இன்னொரு முறை கோட்டம் எடுங்கள். வண்டியைக் கொடுக்கும்பொழுது ஒரு வாரம் கழித்துத் திரும்பக் கொண்டுவரச் சொல்லுங்கள். இடையிடையே போட்ட புதிய கம்பிகள் அமர்ந்து சற்றுத் தளர்ந்திருக்கும். அவற்றை இறுக்குவதற்குத் தனிக்கூலி வாங்காதீர்கள்.

நகரத்துக் கடைக்காரர் எல்லாம் புதிது என்று சொல்வதைக் குறைகூறுவதற்கில்லை. நாற்பது கம்பியைத் துடைத்துச் சோதிக்கும் நேரத்தில் அவர் வேறு இரண்டு வண்டிகளை முடித்துவிடுவார்; அவருடைய நேரத்தின் விலை கம்பியின் விலையைவிட அதிகம். வயல்வேலைக்கும் வாழைத்தோப்புக்கும் தினம் சைக்கிளில் போய்வரும் கூலியாளுக்கோ கையிலிருந்து போகும் காசு பெரிது. நம் கையில் நேரம் இருக்கிறது. ஆனால் சந்தேகம் உள்ள கம்பியை இரக்கத்தினால் பூட்டிக் கொடுப்பது அவருக்குச் செய்யும் உதவி ஆகாது. சிந்திய பாலை நாங்கள் மறக்கவில்லை.

இதோ மேசைமேல் மூன்று பின்சக்கரங்கள் இருக்கின்றன. ஒன்று போடிச் சாலையில் இளநீர் ஏற்றி ஓடியது. ஒன்று தொழுவத்தில் ஆறு ஆண்டு கிடந்த பள்ளிச் சைக்கிளுடையது. மூன்றாவது, உரக்கடைக்கு மூட்டை சுமந்தது. அதில் புதிதாக மின்னும் கம்பிகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். எவற்றின் கம்பிகளைக் காப்பாற்றலாம், எதை முழுதும் கழிக்கலாம் என்று உங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். அதன்பின் நிப்பிள் சாவியைக் கையில் எடுப்போம்.